திருவுளச்சீட்டும் எழுமாற்று மாதிரியும்: நிகழ்தகவுக் கணிப்புப் பற்றிய ஒரு விளக்கம்

பங்கிடுவதற்குரிய பொருள் குறைவாகவும் அதனை வேண்டுவோர் அதிகமாகவும் இருக்கும்போது, அல்லது யாவரும் தவிர்க்க விரும்பும் ஒரு சுமையைச் சிலர்மீது மட்டும் சுமத்த வேண்டியிருக்கும்போது, மனிதர் தொன்றுதொட்டுத் திருவுளச்சீட்டை நாடி வந்துள்ளனர். சீட்டுக்குக் கண் இல்லை. அது உற்றார் உறவினரை அறியாது. செல்வரையும் வறியவரையும் வேறுபடுத்தாது. எனவே சீட்டு விழுந்தவர் மறுபேச்சின்றி அதனை ஏற்றுக்கொள்கிறார். சீட்டு இழுக்கப்பட்ட முறை உண்மையிலேயே பக்கச்சார்பற்றதா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பப்பட்டாலும், “அது தற்செயலாக நேர்ந்தது” என்ற விடையோடு அடங்கிவிடுகிறது.

ஆனால் தற்செயலுக்கும் ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு ஏற்றத்தாழ்வு தற்செயலினால் நேரக்கூடும், எந்த எல்லைக்கு அப்பால் தற்செயல் என்னும் விளக்கம் வலுவிழக்கிறது என்பவற்றை அளந்து கூறும் ஆற்றல் புள்ளிவிபரவியலுக்கு உண்டு. எழுமாற்று மாதிரிகளின் நிகழ்தகவைக் கணிக்கும் முறையே இவ்வாற்றலின் அடிப்படையாகும். இம்முறையினை வரலாற்றில் நிகழ்ந்த ஒரு சீட்டிழுப்பினை உதாரணமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிதத்தில் சிறப்புப் பயிற்சி பெறாத வாசகரும் பின்தொடரக் கூடியவாறு, கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் ஆகியவற்றுக்கு மேற்படாத கணிப்புக்களையே நாம் இங்கு கையாளுகின்றோம்.

1. வாஷிங்ரனில் நடந்த சீட்டிழுப்பு

வியட்நாம் போரின்போது ஐக்கிய அமெரிக்காவில் கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் இருந்தது. யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதை முடிவு செய்வதில் உள்ளூர்ச் சபைகள் பெரும் அதிகாரம் பெற்றிருந்தன. ஓரிடத்தில் விடுவிக்கப்பட்ட ஒருவரை ஒத்த நிலையிலிருந்த மற்றொருவர் வேறோரிடத்தில் அழைக்கப்பட்டார். போர் எதிர்ப்பு இயக்கம் வலுப்பெற்றிருந்த அக்காலத்தில் இம்முறைமீது கடுங் கண்டனம் எழுந்தது. இதன் விளைவாக, அழைப்பின் ஒழுங்கைத் திருவுளச்சீட்டு மூலம் தீர்மானிக்க வழிவகுக்கும் சட்டத்திருத்தத்தில் 1969 நவம்பர் 26 ஆந் திகதி ஜனாதிபதி நிக்சன் ஒப்பமிட்டார். சீட்டிழுப்பு 1969 டிசம்பர் 1 ஆந் திகதி இரவு வாஷிங்ரனில் நடைபெற்றது. நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியில் கண்டது.

முறை மிக எளிமையானது. பெப்ரவரி 29 உட்பட ஆண்டின் 366 நாட்களும் தனித்தனித் தாள்களில் எழுதப்பட்டு, நீலநிறப் பிளாஸ்ரிக் சிமிழ்களுள் அடைக்கப்பட்டன. இச்சிமிழ்கள் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இடப்பட்டு ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. முதலில் எடுக்கப்பட்ட நாள் செப்ரெம்பர் 14. 1944 இன் தொடக்கம் முதல் 1950 இன் முடிவு வரையான காலத்தில் செப்ரெம்பர் 14 இற் பிறந்த ஆண்கள் யாவரும் 1 என்னும் அழைப்பெண்ணைப் பெற்றனர். அடுத்து வந்த ஏப்ரல் 24 இரண்டாம் எண்ணையும், டிசம்பர் 30 மூன்றாம் எண்ணையும் பெற்றன. இறுதியாக எஞ்சிய யூன் 8 ஆந் திகதிக்கு 366 ஆம் எண் கிடைத்தது. சிறிய எண் பெற்றவர் முதலில் அழைக்கப்படுவார். 1970 ஆம் ஆண்டில் 195 வரையான எண்கள் அழைக்கப்பட்டன. ஆகவே 195 க்கும் 196 க்கும் இடையிலான கோடு, போர்க்களத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான கோடாக அமைந்தது.

ஒவ்வொரு மாதத்து நாட்களும் பெற்ற அழைப்பெண்களின் சராசரி பின்வருமாறு:

சனவரி – 201.2
பெப்ரவரி – 203.0
மார்ச் – 225.8
ஏப்ரல் – 203.7
மே – 208.0
யூன் – 195.7
யூலை – 181.5
ஓகஸ்ட் – 173.5
செப்ரெம்பர் – 157.3
ஒக்ரோபர் – 182.5
நவம்பர் – 148.7
டிசம்பர் – 121.5

1 தொடக்கம் 366 வரையான எண்களின் சராசரி 183.5 ஆகும். முதல் ஆறு மாதங்களும் இதற்கு மேலாகவும், பின் ஆறு மாதங்களும் இதற்குக் கீழாகவும் அமைந்திருப்பதைக் காண்கின்றோம். டிசம்பரின் 31 நாட்களுள் 26 நாட்கள் 195 அல்லது அதற்குக் குறைந்த எண்ணைப் பெற்றன. முறைப்படி நடந்த சீட்டிழுப்பாயின் 16 அல்லது 17 நாட்களையே எதிர்பார்க்கலாம். இது தற்செயலா? தற்செயல் எனின் அது எத்துணை அரிதான தற்செயல்? இவ்வினாவுக்கு விடை காண, எழுமாற்று மாதிரி என்பது யாது என முதலில் வரையறுத்தல் வேண்டும்.

2. எழுமாற்று மாதிரி என்றால் என்ன?

அன்றாடப் பேச்சில் “வாய்த்தபடி எடுத்தேன்” என்பதை எழுமாறாக எடுத்தேன் என்ற பொருளிலேயே வழங்குகின்றோம். புள்ளிவிபரவியலில் இவை இரண்டும் ஒன்றல்ல. நாம் ஆராயும் பொருட்களின் முழுத் தொகுதி குடித்தொகை எனப்படும். அதிலிருந்து குறிப்பிட்ட பருமனுடைய ஒரு மாதிரியைத் தெரியும்போது, அப்பருமனுடைய எல்லா மாதிரிகளும் தெரியப்படுவதற்குச் சம நிகழ்தகவு உடையனவாக இருப்பின், அம்முறையால் வரும் மாதிரியை எளிய எழுமாற்று மாதிரி என்கின்றோம். எழுமாற்றுத் தன்மை என்பது மாதிரியின் பண்பன்று. மாதிரியை எடுத்த முறையின் பண்பு என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். 1, 2, 3 ஆகிய எண்கள் வந்தமையால் ஒரு மாதிரி எழுமாறற்றது என்றோ, 7, 40, 218 ஆகியன வந்தமையால் எழுமாறானது என்றோ கூற முடியாது.

ஒரு சிறு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குடத்தினுள் 1, 2, 3, 4, 5 என எழுதிய ஐந்து சீட்டுக்கள் உள்ளன. அவற்றை நன்கு குலுக்கி, ஒன்றை எடுத்து, அதனைத் திரும்பப் போடாமல் இன்னொன்றையும் எடுக்கின்றோம். பெறக்கூடிய சோடிகள் மொத்தம் பத்து. அவை ஒவ்வொன்றினதும் நிகழ்தகவு 1/10. இப்பத்துச் சோடிகளினதும் சராசரிகளை எழுதினால், 1.5 ஒரு முறையும், 2 ஒரு முறையும், 2.5 இரு முறையும், 3 இரு முறையும், 3.5 இரு முறையும், 4 ஒரு முறையும், 4.5 ஒரு முறையும் வருகின்றன. இதுவே மாதிரி இடையின் பரம்பல் எனப்படும். மாதிரியின் சராசரி 2 அல்லது அதனிலும் குறைவாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது என ஒருவர் வினவினால், பத்தில் இரண்டு என உடன் விடை கூறலாம்.

எழுமாற்று மாதிரி பற்றிய நிகழ்தகவுக் கணிப்பு முழுவதும் சாரத்தில் இவ்வளவே. எல்லா மாதிரிகளையும் எண்ண வேண்டும். நாம் கருதும் பண்புடையவற்றை எண்ண வேண்டும். பின்னதை முன்னதால் வகுக்க வேண்டும். எண்ணிக்கை பெரிதாகும்போதே இடர்ப்பாடு தோன்றுகிறது. 366 எண்களிலிருந்து 31 எண்களைத் தெரியக்கூடிய வழிகளின் தொகை நாற்பதுக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட ஓர் எண்ணாகும். அவற்றை எவரும் எழுதி எண்ண முடியாது. எனவே ஒரு சுருக்கு வழி தேவைப்படுகிறது.

3. நியம வழுவும் செவ்வன் பரம்பலும்

மாதிரி இடையின் பரம்பலை முழுமையாக எழுதாமலே அதன் இரு முக்கிய பண்புகளை அறியலாம். முதலாவது, எல்லா மாதிரிகளினதும் இடைகளின் சராசரி குடித்தொகையின் இடைக்குச் சமமாகும். மேற்கூறிய உதாரணத்தில் இரண்டும் 3 ஆகவே அமைகின்றன. இரண்டாவது, மாதிரி இடைகள் அந்நடுப்புள்ளியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கும் என்பதையும் ஒரு வாய்பாட்டினால் பெறலாம். மாதிரி இடையின் மாறற்றிறன் பெறப்படுவது இவ்வாறு: குடித்தொகையின் மாறற்றிறனை மாதிரியின் பருமனால் வகுத்து, அதனை ஒரு திருத்தக் காரணியால் பெருக்குக. குடித்தொகைப் பருமனிலிருந்து மாதிரிப் பருமனைக் கழித்து வருவதை, குடித்தொகைப் பருமனிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதால் வகுக்கக் கிடைப்பதே அத்திருத்தக் காரணியாகும். எடுத்த சீட்டைத் திரும்பப் போடாமையால் இத்திருத்தம் தேவையாகின்றது.

ஐந்து சீட்டு உதாரணத்தில் இதனைச் சரிபார்க்கலாம். 1 முதல் 5 வரையான எண்களின் மாறற்றிறன் 2. மாதிரிப் பருமன் 2. திருத்தக் காரணி (5 – 2) ÷ (5 – 1), அதாவது 0.75. ஆகவே 2 ÷ 2 × 0.75 = 0.75. மேலே எழுதிய பத்துச் சராசரிகளும் 3 இலிருந்து விலகும் தூரங்களை வர்க்கித்துக் கூட்டினால் 7.5 வருகின்றது, பத்தால் வகுக்க 0.75. வாய்பாடும் நேரடி எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றன.

மாறற்றிறனின் வர்க்கமூலம் நியம வழு எனப்படும். ‘வழு’ என்ற சொல் இங்கு தவறு என்ற பொருளில் வரவில்லை. தற்செயல் எவ்வளவு தூரம் அசைக்கும் என்பதை அளக்கும் கோல் என்ற பொருளிலேயே வருகின்றது.

மாதிரியின் பருமன் ஓரளவு பெரிதாகும்போது மாதிரி இடையின் பரம்பல், மணி வடிவான செவ்வன் பரம்பலை அணுகுகின்றது. 1733 இல் டி மோய்வர் ஒரு சிறப்பு வகைக்குக் கண்டறிந்து, பின்னர் லாப்பிளாஸ் விரிவாக்கிய இவ்வுண்மையே மைய எல்லைத் தேற்றத்தின் தொடக்கமாகும். இதன் பயனாக, ஒரு மாதிரி இடை நடுப்புள்ளியிலிருந்து எத்தனை நியம வழுக்கள் தூரத்தில் உள்ளது என்று அறிந்தால் போதும். நிகழ்தகவை அட்டவணையிலிருந்து வாசித்துக்கொள்ளலாம். நடுவிலிருந்து இருபுறமும் ஒரு நியம வழுவுக்குள் ஏறத்தாழ 68 சதவீதமான மாதிரிகளும், இரண்டுக்குள் ஏறத்தாழ 95 சதவீதமானவையும், மூன்றுக்குள் 99.7 சதவீதமானவையும் அடங்கும்.

4. டிசம்பர் மாதக் கணிப்பு

சீட்டிழுப்புப் பக்கச்சார்பின்றி நடந்தது என்பதை ஒரு கருதுகோளாக ஏற்றுக்கொள்வோம். அவ்வாறாயின், டிசம்பரின் 31 நாட்களும் பெற்ற எண்கள், 1 முதல் 366 வரையான குடித்தொகையிலிருந்து பெற்ற 31 பருமனுள்ள ஓர் எளிய எழுமாற்று மாதிரியாகும். இக்குடித்தொகையின் இடை 183.5. அடுத்தடுத்த முழுவெண்களின் மாறற்றிறனைப் பெற, அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து 12 ஆல் வகுக்க வேண்டும். 366 இன் வர்க்கம் 133,956. ஒன்றைக் கழித்து வகுக்க, ஏறத்தாழ 11,162.9.

இதனை 31 ஆல் வகுக்க 360.1. திருத்தக் காரணி 335 ÷ 365, அதாவது 0.918. பெருக்க 330.5. வர்க்கமூலம் 18.2. இதுவே நியம வழு. டிசம்பரின் சராசரி 121.5, நடுப்புள்ளியிலிருந்து 62 அலகுகள் கீழே உள்ளது. 62 ஐ 18.2 ஆல் வகுக்க 3.4. அதாவது டிசம்பரின் சராசரி 3.4 நியம வழுக்கள் விலகி நிற்கின்றது. செவ்வன் அட்டவணைப்படி, எழுமாற்று மாதிரியொன்று இவ்வளவு அல்லது இதனிலும் தாழ்ந்த சராசரியைப் பெறுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.0003, பத்தாயிரத்தில் மூன்று.

5. மூன்று எச்சரிக்கைகள்

இவ்விடத்தில் அவசரப்பட்டு முடிவுக்கு வருதல் தகாது. புள்ளிவிபரங்களைத் தவறாகக் கையாளுவோர் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலாவது எச்சரிக்கை: டிசம்பர் மாதத்தை நாம் தெரிந்தது ஏன்? முடிவுகளைப் பார்த்த பின்னர், மிகத் தாழ்ந்த சராசரி உடையது அதுவே என்பதனாலன்றோ? பன்னிரண்டு மாதங்கள் உள்ளபோது அவற்றுள் ஒன்று ஏனையவற்றிலும் தாழ்ந்திருத்தல் இயல்பே. அம்பை எய்த பின்னர் அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைபவனுக்குக் குறி தவறுவதே இல்லை. எனவே நேர்மையான வினா, “டிசம்பர் இவ்வளவு தாழ்ந்திருப்பதற்கான நிகழ்தகவு யாது?” என்பதன்று, “பன்னிரண்டு மாதங்களுள் ஏதாவதொன்று இவ்வளவு தாழ்ந்திருப்பதற்கான நிகழ்தகவு யாது?” என்பதாகும். இது முன்னையதன் பன்னிரண்டு மடங்குக்கு மேற்படாது, ஏறத்தாழ 0.004, அதாவது 250 இல் ஒன்று. மிக உயர்ந்த சராசரியும் எமது ஐயத்தைத் தூண்டியிருக்கும் என்பதால் அதனையும் சேர்த்தால் 125 இல் ஒன்று. அரிதுதான், ஆயினும் பத்தாயிரத்தில் மூன்று என்பதன் கடுமை குறைந்துவிட்டது.

இதனால் நாம் வேறொரு வினாவை எழுப்ப வேண்டும். ஒரு மாதத்தைப் பொறுக்கி எடுக்காமல் ஆண்டை நடுவால் இரண்டாகப் பிரிப்போம். யூலை முதல் டிசம்பர் வரையான 184 நாட்களின் சராசரி 160.9; முதற்பாதியின் 182 நாட்களின் சராசரி 206.3. பிற்பாதியை 184 பருமனுள்ள மாதிரியாகக் கொண்டால், மாறற்றிறன் 11,162.9 ÷ 184 × 182 ÷ 365, அதாவது 30.25, நியம வழு 5.5. விலகல் 22.6. எனவே நியம வழுவின் 4.1 மடங்கு. இதற்குரிய நிகழ்தகவு ஏறத்தாழ 0.00002, ஐம்பதாயிரத்தில் ஒன்று. எப்பாதி தாழ்ந்திருப்பினும் நாம் ஐயுற்றிருப்போம் என்பதற்காக அதனை இரட்டித்தாலும் இருபத்தையாயிரத்தில் ஒன்றுக்கு மேற்படாது. கணினி வாய்ப்புடைய மாணவர் இதனைத் தாமே சோதிக்கலாம். 366 எண்களை நூறாயிரம் முறை எழுமாறாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு முறையும் பிற்பாதியின் சராசரியைக் குறித்துவந்தால், 160.9 அல்லது அதற்குக் கீழான சராசரியை ஏறத்தாழ இரண்டு முறையே எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது எச்சரிக்கை: நடந்தவை யாவுமே அரிதானவை. 366 சிமிழ்கள் வெளிவரக்கூடிய ஒழுங்குகளின் தொகை 781 இலக்கங்களைக் கொண்டது. அன்றிரவு வந்த ஒழுங்கின் நிகழ்தகவு அவற்றுள் ஒன்று மட்டுமே; ஆனால் வேறெந்த ஒழுங்கு வந்திருப்பினும் அதன் நிகழ்தகவும் அதுவே. ஆகவே “மிக அரிதானது நடந்தது” என்பது தனியே எதனையும் நிறுவாது. பக்கச்சார்பான முறையொன்றினால் எளிதாகத் தோன்றக்கூடியதும், பக்கச்சார்பற்ற முறையினால் அரிதாகவே தோன்றக்கூடியதுமான ஒரு போக்குக் காணப்படும்போதே ஐயம் நியாயமாகின்றது. மாதங்கள் செல்லச் செல்ல எண்கள் தாழ்ந்து செல்வது அத்தகைய போக்காகும்.

மூன்றாவது எச்சரிக்கை: ஐம்பதாயிரத்தில் ஒன்று என்பது எதன் நிகழ்தகவு? சீட்டிழுப்பு நேர்மையாக நடந்ததற்கான நிகழ்தகவு அது என்று பலர் கருதுவர். இது தவறு. சீட்டிழுப்பு நேர்மையாக நடந்தது என்று வைத்துக்கொண்டால், இத்தகைய முடிவு வருவதற்கான நிகழ்தகவே அது. மழை பெய்திருந்தால் முற்றம் நனைந்திருக்கும் என்பதும், முற்றம் நனைந்திருந்தால் மழை பெய்திருக்கும் என்பதும் ஒன்றல்ல. முற்றத்தை யாரேனும் கழுவியிருக்கவும் கூடும். கருதுகோளிலிருந்து முடிவுக்குச் செல்லும் நிகழ்தகவையே நமது கணிப்புத் தருகின்றது. முடிவிலிருந்து கருதுகோளுக்குத் திரும்பி வர வேறு சான்றுகளும் வேண்டும். அச்சான்றை நாம் கணித நூலில் அன்றி, சிமிழ்கள் இடப்பட்ட பெட்டியிலேயே தேட வேண்டும்.

6. கலக்கப்படாத பாத்திரம்

1970 சனவரியில் பத்திரிகைகள் இவ்விடயத்தைக் கிளப்பியபோது, சிமிழ்கள் தயாரிக்கப்பட்ட விதம் வெளிவந்தது. முதலிற் சனவரி மாதத்துச் சிமிழ்கள் ஒரு மரப்பெட்டியில் இடப்பட்டன. பின்னர் பெப்ரவரிச் சிமிழ்கள் சேர்க்கப்பட்டு இரண்டும் கலக்கப்பட்டன. அதன்பின் மார்ச், ஏப்ரல் என ஒவ்வொரு மாதமாகச் சேர்த்துக் கலக்கப்பட்டன. இவ்வொழுங்கில் சனவரிச் சிமிழ்கள் ஏனையவற்றோடு பதினொரு முறை கலக்கப்பட்டன; டிசம்பர்ச் சிமிழ்கள் ஒரேயொரு முறை மட்டுமே கலக்கப்பட்டன. பின்னர் பெட்டியை மூடிக் குலுக்கிய போதிலும் அது போதியதாக இருக்கவில்லை. பாத்திரத்தில் கொட்டிய பின்னர் சிமிழ்கள் கிளறப்படவுமில்லை. பெரும்பாலும் மேலிருந்தவையே முதலில் எடுக்கப்பட்டன.

இப்போது இரு சான்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆண்டின் பிற்பகுதி நாட்கள் போதியவாறு கலக்கவில்லை எனச் செய்முறை கூறுகின்றது; அந்நாட்களே முன்னதாக எடுக்கப்பட்டன என எண்கள் கூறுகின்றன; இவ்வளவு விலகல் தற்செயலால் நேர்வது மிக அரிது என நிகழ்தகவு கூறுகின்றது. எவரும் டிசம்பரில் பிறந்தோருக்குத் தீங்கு நினைத்தார் எனக் கொள்ள வேண்டியதில்லை. தீய நோக்கம் இன்றியே ஓரவஞ்சனை நேரலாம் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இவ்வுண்மை முன்னோர் அறியாததன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாக விதிக்கின்றன. குடத்திலிருந்து எடுத்த ஓலைக்கட்டை வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்க வேண்டும் என்றும், உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டே ஓலையை எடுப்பிக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. கலப்பதும், எடுக்கும் கையின் அறிவை நீக்குவதும் சீட்டின் நீதிக்கு இன்றியமையாதவை என்பதை அச்சபையார் உணர்ந்திருந்தனர். ஐக்கிய அமெரிக்காவிலேயே 1940 இல் நடந்த இராணுவச் சீட்டிழுப்பிலும் சிமிழ்கள் போதியவாறு கலக்கப்படவில்லை எனப் புள்ளிவிபரவியலாளர் எடுத்துக்காட்டியிருந்தனர். 29 ஆண்டுகளின் பின்னரும் அப்பாடம் கற்கப்படவில்லை.

சீட்டிழுப்பு நீக்கப்படவில்லை, அன்று வழங்கப்பட்ட எண்களே நிலைபெற்றன. ஆனால் 1951 இற் பிறந்தோருக்காக 1970 யூலை 1 இல் நடந்த அடுத்த சீட்டிழுப்பில் முறை மாற்றப்பட்டது. தேசிய நியமங்கள் பணியகத்தின் புள்ளிவிபரவியலாளர் எழுமாற்று எண் அட்டவணைகளைக் கொண்டு ஒழுங்குகளைத் தயாரித்தனர். திகதிகள் ஓர் உருளையிலும் எண்கள் மற்றோர் உருளையிலும் இடப்பட்டு, உருளைகள் சுழற்றப்பட்ட பின் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து இணைக்கப்பட்டன. ஓர் உருளையில் கலப்புக் குறைந்தாலும் மற்றையது அதனை ஈடுசெய்யும். முன்னைய சாய்வு அங்கு காணப்படவில்லை.

எழுமாற்று எண் அட்டவணை என்பது புதுமையன்று. 1927 இலேயே ரிப்பெற் என்பார் 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டிருந்தார். 1955 இல் பத்து இலட்சம் எழுமாற்று இலக்கங்கள் நூலாக வெளிவந்தன. மனிதக் கை கலப்பதை நம்பலாகாது என்பதனாலேயே இவை தோன்றின. வயல்களில் விளைச்சலை மதிப்பிடுவோரும் வீடுவீடாக வருமானத்தை ஆய்வோரும் இத்தகைய அட்டவணைகளை நாடியமைக்குக் காரணமும் அதுவே. தெருவோரத்து வீடுகளை மட்டும் வாய்த்தபடி தெரிந்தெடுத்த ஆய்வாளர், ஒழுங்கையின் முடிவிலுள்ள வறியவரின் வீட்டைக் காண்பதில்லை. அவர் பெற்ற சராசரிக்கு நியம வழு கணித்தாலும் பயனில்லை. ஏனெனில், நாம் மேலே கையாண்ட வாய்பாடுகள் யாவும் மாதிரி எழுமாறாக எடுக்கப்பட்டது என்ற ஒரே நிபந்தனையில் தங்கியிருக்கின்றன. முறை பொய்யாயின் வாய்பாடும் பொய்யாகும்.

7. குடத்தினுள் இருந்தோர் யார்?

இதுவரை நாம் கணித்தது, பாத்திரத்தினுள் இருந்த சிமிழ்களிடையே சமநீதி நிலவியதா என்பதையாகும். ஆனால் இதற்கு முந்திய வினா ஒன்று உண்டு. அப்பாத்திரம் உண்மையில் யாருக்கானது? 1969 இல் எல்லா இளைஞருக்கும் ஓர் எண் கிடைத்தபோதிலும், எண் பெற்ற யாவரும் அழைக்கப்படும் நிலையில் இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவராக இருந்தோர் தமது சேவையை ஒத்திவைத்துக்கொள்ளலாம். கல்லூரிக்குச் செல்ல வசதியற்ற தொழிலாளர் வீட்டு இளைஞனுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1971 இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தமே புதிய மாணவர்களுக்கு இச்சலுகையை நிறுத்தியது; 1973 இல் கட்டாய அழைப்பும் முடிவுற்றது. ஆகவே பாத்திரத்தைச் செவ்வையாகக் கலந்திருந்தாலும், டிசம்பரிற் பிறந்தவனுக்கும் யூனிற் பிறந்தவனுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு நீங்கியிருக்குமேயன்றி, உள்ளவன் மகனுக்கும் இல்லாதவன் மகனுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு நீங்கியிராது.

உத்தரமேரூர்க் குடவோலையிலும் இதுவே நிலை. ஓலைகள் நன்கு குலைக்கப்பட்டன, சிறுவன் எடுத்தான். ஆனால் கால்வேலிக்கு மேல் இறைநிலமும் தன்மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையோரின் பெயர்களே ஓலைகளில் எழுதப்பட்டன. அந்நிலத்தை உழுதவனின் பெயர் எக்குடத்தினுள்ளும் செல்லவில்லை. குடித்தொகை வரையறுக்கப்பட்ட கணத்திலேயே அநீதி புகுந்துவிட்டது. அதன்பின் எத்துணை நேர்மையாகச் சீட்டெடுத்தாலும் அதனைப் போக்க இயலாது.

எனவே எந்தவொரு சீட்டிழுப்பையும், எந்தவொரு மாதிரி ஆய்வையும் நாம் இரு வினாக்களோடு அணுக வேண்டும். குடித்தொகையில் யார் சேர்க்கப்பட்டனர், யார் விடப்பட்டனர் என்பது முதல் வினா. சேர்க்கப்பட்டோருள் தெரிவு எழுமாறாக நடந்ததா என்பது இரண்டாவது வினா. இரண்டாவதற்கு நிகழ்தகவுக் கணிப்புக் கூர்மையான கருவியாகும். கையிலுள்ள எண்கள், ஒரு வர்க்கமூலம், ஓர் அட்டவணை ஆகியவற்றைக் கொண்டு, அதிகாரத்தில் உள்ளோர் “தற்செயல்” என்று கூறுவதைச் சாதாரண குடிமகனும் சோதித்துப் பார்க்கலாம். முதல் வினாவுக்கோ எந்த வாய்பாடும் விடை தராது. அது சமூகத்தையும் அதன் பொருளாதார அமைப்பையும் நோக்கி எழுப்பப்பட வேண்டிய வினா. புள்ளிவிபரவியலைக் கற்போர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதோடு, இரண்டையும் ஒருங்கே கேட்கும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்வாராயின், எண்கள் ஆள்வோரின் கையில் மட்டுமன்றி ஆளப்படுவோரின் கையிலும் கருவியாக அமையும்.